ஃபேமிலி: நான்காம் பொருள்

"அகராதியோட முதல் பக்கத்துல என் பேரும் வரணும், சார்."

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே மெய்ப்பு பார்க்கும் அக்கா காதில் போட்டு வைத்திருந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி நீ, வாயால் கெட்டுப்போகாதே என்று அம்மாவும் சொல்லித்தான் அனுப்பினாள். அலுவலகத்தில் இவளுக்குப் பட்டப்பெயர் 'வெடுக்கு'. வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

பிற மொழிகளிலிருந்து வந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட சொற்களுக்கெல்லாம் பதிப்பாசிரியர் ஓர் அகராதி போடுகிறார். போடுவது அவர், பாதிக்கு மேல் எழுதியது இவள். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அட்டையிலும் அவர் பெயர், முதல் பக்கத்திலும் அவர் பெயர் மட்டும்.

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தேன் தடவிய குரலில் சொன்னார்: "என்னம்மா இது, உன் பேரு, என் பேருன்னு? நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி இல்லையா?"

அக்கா தன் மகள் பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னபோதும் இதேதான்.

"அந்தச் சொல்லைத்தான் சார் இன்னைக்கு முடிச்சேன். படிச்சிடறேன்."

அங்கே அப்படி ஒரு வழக்கம். எழுதி முடித்த சொல்லை எழுதியவரே எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் யாராவது வாய்திறந்து சொன்ன வாக்கியம் ஒன்று சான்றாக வேண்டும். சான்று இருந்தால் எந்தப் பொருளையும் யாரும் அடிக்கக் கூடாது. அவர் போட்ட சட்டம்தான்.

இவள் எழுந்து நின்று படித்தாள். லத்தீனில் ஃபமுலுஸ் என்றால் வேலைக்காரன், அடிமை. அதிலிருந்து பிறந்தது ஃபமிலியா: ஒரு வீட்டின் அடிமைக் கூட்டம். மனைவி மக்களெல்லாம் பிற்பாடுதான் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். பிறகு சொல் ஊர்சுற்றக் கிளம்பியது. ருமேனியரிடம் போய்ப் பெண் ஆனது. அல்பேனியரிடம் போய்க் குழந்தை ஆனது. எஜமானை விட்டுவிட்டு, அவன் கைக்குள் இருந்தவர்கள் தலையிலேயே போய் உட்கார்ந்தது.

நம்மிடம் முதல் பொருள், குடும்பம். இரண்டாவது, மனைவி. சான்று: 'ஃபேமிலியை ஊருக்கு அனுப்பிட்டேன், ரெண்டு வாரமா ஓட்டல் சாப்பாடு.' சொன்னவர் கணக்கர். கணக்கர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மூன்றாவது, குழந்தை குட்டியோடு போகத் தகுந்தது. சான்று: 'அது ஃபேமிலி படம் இல்லடி, பசங்களைக் கூட்டிட்டுப் போயிடாதே.' சொன்னவர் மெய்ப்பு பார்க்கும் அக்கா.

"நாலாவது. உரிமை கேட்டு நிற்பவரை உட்கார வைப்பதற்குச் சொல்லப்படுவது. சான்று: 'நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி.' சொன்னவர், பதிப்பாசிரியர்."

கணக்கர் மிச்சச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

பதிப்பாசிரியர் தாளை வாங்கி, பென்சிலை நாலாவது பொருளுக்கு மேல் கொண்டுபோனார். அடிக்கக் கை வரவில்லை. என்ன இருந்தாலும் சொல் தெரிந்த மனுஷன். பொருள் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில், உதவியவர்கள் என்று போட்டு, அதற்குக் கீழே இவள் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார். வாங்கிக்கொள் என்று அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள்.

இவளுடைய அம்மா ஒரு வீட்டில் தலைநரைக்கும்வரை சமைத்தவள். நீயும் எங்கள் ஃபேமிலிதான் என்று அந்த வீட்டில் வாய்க்கு வாய் சொல்வார்கள். படம் எடுக்கும்போது மட்டும், கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்பார்கள்.

"எங்கம்மா தள்ளி நின்னாங்க சார். நான் நிக்க மாட்டேன்."

"சரி, சரி. முதல்ல டீயைக் குடி. அப்புறம் பேசுவோம்." அவர் பார்வை கோப்பைகள் இருந்த தட்டுக்குப் போனது. எல்லார் கோப்பையும் இருந்தது. இவளுடையது இல்லை.

அது காலையிலேயே பைக்குள் போயிருந்தது. இல்லை என்று சொன்னால் கோப்பைக்காகக்கூட ஒரு நிமிடம் நிற்கக் கூடாது என்று, கேட்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள். சொற்கள் எவன் வீட்டுச் சொத்தும் இல்லை. வேறு அகராதி எழுதினால் போயிற்று.

பையைத் தோளில் மாட்டினாள். "நாலாவதை எடுத்துடாதீங்க சார். சான்று இருக்கு."

கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனாள்.