ஏணியைப் பிடித்தவள்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன மாமியார் அப்பேர்ப்பட்ட ஆள். அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாருக்கும் அழத் தோன்றாது. மருமகள் மட்டும் டீ டம்ளர்களோடு அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து இடுப்பொடிந்து போயிருந்தாள். அவளுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்ததில் கண்ணைச் சேர்த்து மூடி ஒரு மாதம் இருக்கும்.

"சர்க்கஸ் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றார் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். "ஆட்டம் முடிஞ்சு கூட்டம் கிளம்பிடுச்சு. இந்தம்மா கைக்குழந்தையப் புருஷன்கிட்ட குடுத்துட்டு, சேலைய வரிஞ்சு கட்டிட்டு, நேரா முதலாளிகிட்ட போயி, 'நான் ஒரு தடவ மேல ஏறிப் பாக்கட்டுமா?'ன்னு கேக்குறாங்க. அவன் விளையாட்டுன்னு நெனச்சு தலையாட்டிட்டான். விறுவிறுன்னு கயித்து ஏணியில ஏறி, உச்சியில இருந்து வலையில குதிச்சாங்க பாருங்க! கோமாளியே வாயடைச்சுப் போயிட்டான்."

அந்தக் கைக்குழந்தை இப்போது நாத்தனாராக மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும்" என்று தொடர்ந்தார் தீயணைப்புக்காரர். "நாங்க கயிறு கட்டி மாடியில இருந்து இறங்குற ஒத்திகையில, 'யாராவது வர்றீங்களா'ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். காய்கறிப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டே மூணு மாடி இறங்கிட்டு, 'இன்னொரு தடவ'ங்குறாங்க!"

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? பேருக்குத்தான் வீட்டுப் பெண். சின்ன ஊர்தான், ஆனாலும் அதில் உயரமாக எது நின்றாலும் உச்சியைத் தொட்டுப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மணிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி, கட்டி முடிக்காத கட்டிடம், எதையும் விட்டதில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி அண்ணி. எண்பத்திமூணு வயசுல அம்மாவ ஏணியில ஏற விடலாமா? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

மருமகளின் புருஷன் மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான். தன் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசினால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

நடந்தது இதுதான். மாடித் தொட்டியில் மிதவை சிக்கி, தண்ணீர் நிற்காமல் வழிந்தது. குழாய்க்காரர் "இதோ வந்துட்டேன்" என்று சொன்னதோடு சரி. புருஷன் "சாயங்காலம் பாக்கலாம்" என்றான். மாமியாரோ விடிந்ததிலிருந்து "ஏணி எங்கடி?" என்று ஒரே பல்லவி. அவள் கண்ணில் படக்கூடாதென்று மருமகள்தான் ஏணியைப் பக்கத்துத் தையல்கடையில் ஒளித்து வைத்திருந்தாள். எத்தனை வருஷமாக வேண்டாம், வேண்டாம் என்று மல்லுக்கட்டுவது? அன்றைக்கு அவளுக்கு அலுத்துவிட்டது. போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமியார் ஏறினாள், மிதவையைச் சரிசெய்தாள், இறங்கினாள். தரைக்கு இரண்டு படி இருக்கும்போது "பாத்தியா?" என்று திரும்பியவளுக்குக் கால் வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு போனது, படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, கதை முடிந்தது. ஏணி இம்மிகூட அசையவில்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள்.

"அப்பாவ நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நாத்தனார். "இங்க விட்டுட்டுப் போனா எனக்கு நிம்மதி இருக்காது."

மருமகளுக்குச் சுருக்கென்றது. கூடவே, பாழாய்ப்போன மனசு, ஒரு ஆள் வேலை குறையும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டது. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. மாமனார் இந்த வீட்டை விட்டுப் போனால் அவ்வளவுதான். மாமியாரைக் கொன்றவள் என்று சாகிறவரை ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அவள ஏன் கேக்குற? என்னைக் கேளு. அறுபது வருஷமா நானும் வேணாம் வேணாம்னுதான் கத்தினேன். கேட்டாளா? பயத்துல நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பேன். ஆஸ்பத்திரியில உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? 'ஒவ்வொரு தடவையும் எனக்கு அடிவயிறு கலங்கும்ங்க, வெளிய காட்டிக்க மாட்டேன். இந்தத் தடவதான் பயமே இல்லாம ஏறினேன். கீழ அவ பிடிச்சிட்டு நின்னா'ன்னா."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எங்கயும் வரல" என்றார் மாமனார்.

மருமகள் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு முடியல" என்றாள். வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"தெரியும்மா. போய்ப் படு. ராத்திரிச் சமையல நான் பாத்துக்கறேன்." மகன் பக்கம் திரும்பினார். "என்னடா முழிக்கிற? உங்கம்மா ஊர்ல உள்ள உச்சியெல்லாம் ஏறினப்ப உங்களுக்கு யாரு பொங்கிப் போட்டான்னு நெனச்ச? வந்து அரிசியக் களை."

மருமகள் உள்ளே போய்ப் படுத்தாள். கதவைச் சாத்தக்கூடத் தெம்பில்லை. மாமியார் போன நாளிலிருந்து அழ நேரமே கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து "அத்தே, அத்தே" என்று அழுதாள்; அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.