ஆறு ஜோடிச் சண்டை

எங்கள் அமைதிக் கல்வி வகுப்பு மூன்று தெருக்களில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் முட்டிக்கொண்ட இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, கத்தாமல் பேசப் பழக்குவோம். அவ்வளவுதான் சங்கதி. எல்லாம் சம்பளமில்லாத தொண்டு. நாற்காலி போடுவதும் ஹாலைப் பெருக்கிப் பூட்டுவதும் என் பங்கு. இதை இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தலைவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் கிளை திறந்த கை சும்மா இருக்குமா?

வளர்ச்சித் திட்டம் என்று ஒரு கூட்டம் போட்டார். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் சுவரில் படம் காட்டினார். வணக்கம் சொன்னால்கூடச் சதவீதத்தில் பதில் சொல்கிறவர் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் புள்ளிவிவரம். நாலாவது கிளை என் அக்கா குடியிருக்கும் தெருவில் என்று முடிவானது. கிளை திறக்க ஆறு ஜோடி சண்டைக்காரர்கள் வேண்டும் என்பது விதி.

"அந்தத் தெருவுல யாரும் சண்டை போடுறதில்லையே சார்" என்றேன்.

"சண்டை இல்லைன்னு சொல்லாதீங்கம்மா. இன்னும் வெளிய வரலைன்னு சொல்லுங்க" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமா இறந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவள் டியூட்டிக்குப் போனால் மூன்று வயதுப் பாப்பாவைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். பாப்பாவுக்கு அவர் பெரியம்மா. என்னால் பகலில் கடை வேலையை விட்டு வர முடியாது. அந்த அம்மா இல்லையென்றால் அக்காவுக்கு வேலையும் இல்லை.

புள்ளிவிவரம் வீடு வீடாகப் போய், பக்கத்து வீட்டாரால் மனவருத்தம் உண்டா என்று கேட்டார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, கீழே பாப்பாவுக்கு டிவி கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள் என்றாளாம். வந்தவரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காகச் சொன்ன பேச்சு. அவர் அதை அலுங்காமல் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார், நாங்கள் வகுப்பில் பழக்கும் அதே சாந்தமான குரலில்.

"நீங்க பிள்ளை வளர்க்கிற விதத்துல மேல்வீட்டுக்காரங்களுக்கு வருத்தம் இருக்கு. அதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?"

எப்படி இருக்கும்? அன்று மாலையே பாப்பாவின் துணிமணியும் பால் பாட்டிலும் ஒரு பையில் மேலே வந்துவிட்டன. அக்கா இறங்கிப் போய்க் கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. தெரு முழுக்க இதே கதை. ஆறு ஜோடி கேட்ட இடத்தில் ஒன்பது ஜோடி தேறியது. எதிர்பார்த்ததைவிட ஐம்பது சதவீதம் அதிகம் என்று புள்ளிவிவரம் பூரித்துப்போனார். அவர் மூஞ்சியிலும் தலைவர் மூஞ்சியிலும் விழிக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் தையல்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பாப்பாவை நாளைக்கே அனுப்பு என்றார்.

"இனி எதுக்குக்கா? லீவு மேல லீவு போட்டு, போன வாரம் வேலையே போயிடுச்சு" என்றாள் அக்கா.

கைதட்டிக்கொண்டிருந்த தலைவர் காதில் தேவையானது மட்டும் விழுந்தது. "அப்போ பகல்ல ஓய்வாத்தானே இருப்பீங்க? அடுத்த தெருவுல விசாரிக்க நீங்களே போகலாமே."

"சம்பளம் உண்டா சார்?"

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு மாத வகுப்பு வேண்டும் என்று புள்ளிவிவரத்திடம் சொன்னார்.