ஒரு கொத்து முடி

இப்போதெல்லாம் எவனும் ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, தலையைத்தான் பார்க்கிறான். தலை வெளுத்திருந்தால் வேலை கிடையாது என்கிறான், கறுத்திருந்தால் பென்ஷன் கிடையாது என்கிறான். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இருக்கிற தீர்த்தகிரிக்கு இதை நினைத்தாலே துப்ப வேண்டும் போலிருக்கும். துப்பவும் செய்வார்.

அவர் தலை கறுத்ததே அவனுகளால்தான். கம்பெனி கேட்டுக்கு வாட்ச்மேன் தேடிய கான்ட்ராக்டர், "பெருசுங்க வேணாம், போங்க" என்று கையை ஆட்டினான். அன்று சாயந்திரமே மளிகைக் கடையில் சரமாகத் தொங்கிய கறுப்புச் சாயப் பொட்டலத்தில் ஒன்றை வாங்கிக் கிழித்து, மாரம்மா பழைய பல் பிரஷ்ஷால் புருஷன் தலையில் தடவிவிட்டாள். மறுநாள் அதே கான்ட்ராக்டர் அதே ஆளை "வாங்கண்ணே" என்று கூப்பிட்டு உள்ளே விட்டான். அன்றைக்குப் பிடித்த பொட்டலத்தைத் தீர்த்தகிரி விடவேயில்லை. ஆதார் எடுக்க வந்தவன் பிறந்த வருஷம் கேட்டபோது, "ஏரி ஒடஞ்ச வருசம்" என்றார். அவன் அந்தக் கறுத்த தலையை ஒரு பார்வை பார்த்து, தானாக ஒரு வருஷத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அந்த வேலையும் போய்விட்டது. வேறு கான்ட்ராக்டர் வந்தான், வடக்கத்திப் பையன்களை நிறுத்திக்கொண்டான். முதியோர் பென்ஷனுக்கு எழுதப் போனால், அட்டைப்படி இன்னும் அறுபது ஆகவில்லையாம். ஓசூர் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வயசு பார்க்கும் டாக்டர் உட்காருவார், அவரிடம் எழுதி வாங்கிவந்தால் வருஷத்தைத் திருத்தலாம் என்றார் ஆபீஸில் இருந்தவர். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு: "ஆனா இந்தத் தலையோட போனீங்கன்னா இன்னும் அஞ்சு வயசு கொறச்சுத்தான் எழுதுவாரு."

கூடப் போயிருந்த சிநேகிதன் சென்னப்பன் அதற்கும் மேலே போனான். "ஏனப்பா, மாப்ளைக்குப் பொண்ணு பாத்தாச்சான்னு கேக்கப் போறாரு டாக்டரு."

"நீ வாய மூடு."

வீட்டுக்கு வந்ததும் மாரம்மா சுருக்கமாக ஒரு வழி சொன்னாள். "மொட்டயடிச்சிக்கோ. மொளைக்கிறது வெள்ளையாத்தானே மொளைக்கும்?"

"எங்கப்பன் செத்தப்ப ஒரு மொட்ட போட்டேன், ஆத்தா செத்தப்ப ஒரு மொட்ட போட்டேன். சர்க்காருக்கு எவன்டீ மொட்ட போடுவான்?"

அப்படியானால் நிர்மலாவைக் கூப்பிடுகிறேன் என்றாள் அவள். தீர்த்தகிரிக்கு முகம் சுருங்கியது.

நிர்மலா அவருடைய அண்ணன் மகன் தினேஷ்குமாரின் பெண்டாட்டி. பக்கத்து வீடுதான். ஓசூரில் ஒரு பார்லரில் தலைக்குக் கலர் போடும் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற சுவர் யாருடையது என்பதில் போன வருஷம் பேச்சு தடித்து, ஆம்பிளைகள் முகம் பார்ப்பதை விட்டார்கள். பொம்பிளைகள் மட்டும் குழம்பும் ரசமும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரைக்கூட விட்டுவிடலாம். அவள் தாய் வீடு கொள்ளேகால் பக்கம். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் யாரும் கொஞ்சம் யோசித்துத்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். செய்வினைக்குப் பேர்போன ஊர்.

ஆனால் பார்லருக்குள் போய் உட்கார தீர்த்தகிரி தயாரில்லை. அதனால் அவளே வந்தாள். முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னா சாயம் மாமா போடுறீங்க?"

"கடையில தொங்குறது."

"எந்தக் கம்பெனி?"

"தொங்குறதுல எது கைக்கு வருதோ அது."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "கறுப்புச் சாயத்த இன்னொரு சாயம் போட்டு வெளுக்க முடியாது மாமா. ப்ளீச் பவுடர் கலந்து தடவித்தான் எறக்கணும். எடுத்ததும் வெள்ளை வராது. மொதல்ல செவக்கும், அப்புறம் ஆரஞ்சாகும், அப்புறந்தான் வைக்கோல் மாதிரி வரும். வருசக்கணக்கா ஏத்துன சாயம், நாலஞ்சு தடவ விட்டுவிட்டுப் பண்ணணும்."

"வியாழக்கெழம டாக்டரு."

"தெரியுது. ஒரே தடவையில எவ்ளோ எறங்குதோ அவ்ளோதான். வைக்கோல் நெறம் வந்தாக்கூட நரைன்னு சொல்லிக்கலாம்." கத்தரிக்கோலை எடுத்தாள். "அதுக்கு முன்னாடி ஒரு கொத்து முடி வெட்டிப் பாக்கணும். சில பொட்டலத்துல ஏதேதோ உப்புக் கலந்திருப்பான். பவுடர் பட்டா அடுப்பு மாதிரி கொதிக்கும். காதுக்குப் பின்னாடி வெட்டிக்கட்டுமா, வெளிய தெரியாது."

தீர்த்தகிரி ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார். முடி கேட்கிறாள்! கொள்ளேகால்காரி, சுவர்ச் சண்டைக்காரி, கூசாமல் தலைமுடி கேட்கிறாள். முடியும் நகமும் போதுமே செய்வினை வைக்கிறவனுகளுக்கு, ஆளைப் படுக்கவைக்க.

"நானே வெட்டித் தரேன். நாளைக்கு."

"சாயம் நல்லாப் பட்ட முடியாப் பாத்துத் தாங்க மாமா. அதுதான் முக்கியம்."

மறுநாள் காலை சலூனில் சென்னப்பனுக்குக் கிராப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னப்பனும் சாயக்காரன்தான்; ஆனால் அவன் மகன் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வாங்கிவருகிற கிரீம். கீழே கறுகறுவென்று கிடந்ததில் ஒரு கொத்தைத் தீர்த்தகிரி குனிந்து பொறுக்கினார்.

"டேய், என் மயிரு ஒனக்கு என்னாத்துக்குடா?"

"மச்சான் தோட்டத்துல காட்டுப்பன்னி வருதாம். மயிரு வாசத்துக்கு அண்டாதுன்னு வரப்புல போடத்தான்."

"அந்த ஒரு பிடிக்கு எலி கூடப் பயப்படாது. முழுசா அள்ளிக்கிட்டுப் போ!" சலூனே சிரித்தது. தீர்த்தகிரி பேப்பரில் மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

நிர்மலா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீலப் பொடியையும் தண்ணீர் போன்ற ஒன்றையும் குழைத்து முடியை அதில் வைத்தாள். தீர்த்தகிரி எதிரே குந்தி உட்கார்ந்து கிண்ணத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. முடி சிவந்தது, ஆரஞ்சானது, கடைசியில் வெயிலில் கிடந்த வைக்கோலாக வெளுத்தது. கிண்ணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த நிர்மலாவின் முகம் மலர்ந்தது.

"சூடே ஏறல மாமா! பயந்துட்டே இருந்தேன். உங்களுக்கு நல்ல சாயமா அமைஞ்சிருக்கு."

வெளுத்த கொத்தைக் கழுவி, உலர்த்தி, நிறம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். பார்த்தீர்களா, வைத்துக்கொண்டாள்! தீர்த்தகிரி தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். அப்புறம்தான் சென்னப்பன் நினைவு வந்தது. சாயந்திரம் போய், "ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு வந்தார். "காலையிலதானேடா பாத்த?" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அதே முற்றம், அதே ஸ்டூல். தோளில் பழைய துண்டு, நெற்றி ஓரமெல்லாம் தேங்காயெண்ணெய். நிர்மலா கையுறை மாட்டிக்கொண்டு பின்மண்டையிலிருந்து பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தாள். பாதித் தலைகூட முடியவில்லை.

"ஏம்மா, சுடுது."

"லேசா குறுகுறுங்கும் மாமா."

"குறுகுறு இல்ல! சுடுதுங்கிறேன்!"

அவள் தொட்டுப் பார்த்தாள். கையுறையை மீறிச் சுட்டது. முடியிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பி, அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம். "அத்தே, தண்ணி! தண்ணி ஊத்துங்க!" மாரம்மா குடத்தோடு ஓடிவந்தாள். தொட்டியில் இருந்த தண்ணீர் முழுக்கத் தலையில் கொட்டினார்கள். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று. முடிதான் சகிக்கவில்லை. முன்பக்கம் கறுப்பு, நடுவில் துருப்பிடித்த தகரம், பின்பக்கம் சேவல் கழுத்து. சில இடத்தில் ரப்பர் போல இழுபட்டுக் கையோடு வந்தது.

மாரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நிர்மலாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "பாத்துத்தானே பண்ணேன்... அந்த முடி ஏன் கொதிக்கல? ஒண்ணுமே புரியலையே அத்தே." முடி ஒடிந்திருப்பதால் மேலே கறுப்புக்கூடப் போட வேண்டாம், அதுவும் உதிரும் என்றாள். தீர்த்தகிரி ஈரத் துண்டைப் பிழிந்து தலையை மூடிக்கொண்டார். உள்ளே மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டுக் கூடவே வந்தாள். தப்பு தன்னுடையது, டாக்டரிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்றாள். தீர்த்தகிரி துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். அவர் முறை வந்ததும் டாக்டர், "துண்ட எடுங்க" என்றார். எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பெரியவரே, நடை கெழவன் நடையா இருக்கு, தலை காலேஜ் பையன் தலையா இருக்கு. நான் எத நம்ப?"

"சார், நான்தான் பண்ணேன்," என்று நிர்மலா முன்னால் வந்தாள். "இவருக்கு அறுவது தாண்டி ரொம்ப நாளாச்சு சார். எங்க மாமனாருக்கு நேர் தம்பி."

"எனக்கும் தெரியுதும்மா. ஆனா சர்டிபிகேட்ல போட்டோ ஒட்டணும். இந்தத் தலைய ஒட்டி அனுப்புனா, ஆபீஸ்ல என்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க. சொந்த முடி வளரட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

ரெண்டு மாசம்! அதுவரை மாரம்மா ஒருத்தியின் கூலியில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். கேட்டுக்கு வெளியே வந்ததும் தீர்த்தகிரி நின்றார். நான்கு நாளாக அடக்கி வைத்தது பொங்கிவிட்டது.

"போதுமா? திருப்தியா ஒனக்கு?"

"மாமா, சத்தியமா வேணும்னு பண்ணல. அன்னிக்கு நீங்களே பாத்தீங்களே, கொத்து நல்லாத்தானே வெளுத்துச்சு..."

"அது என் முடியே இல்ல!"

நிர்மலா அவர் தலைத் துண்டையே பார்த்தாள்.

"சென்னப்பன் முடி அது. சலூன்ல பொறுக்குனது. சென்னப்பன் முடிக்கும் தீர்த்தகிரி முடிக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் என்னா பார்லர்க்காரி? படிச்சேன் படிச்சேன்னு சர்டிபிகேட்ட சொவத்துல வேற மாட்டிக்கிட்டிருக்க!"

போவோர் வருவோர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் கத்தினாள். "நாலு நாளா நான் சோறு தின்னல மாமா! கை தப்பிப் போச்சோ, ஒருத்தர் பென்ஷனக் கெடுத்துட்டனோன்னு. ஏன் இப்படிப் பண்ணீங்க? ஒரு கொத்து முடிதானே கேட்டேன்? எதுக்கு மறைச்சீங்க?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து கறுத்தது. "எங்கம்மா வீட்டு ஊர் பேர வச்சா? தண்ணி ஊத்துனப்ப என் கையும்தான் வெந்துச்சு. இங்க பாருங்க." உள்ளங்கையைக் காட்டினாள், ஓரத்தில் கொப்புளம். "உங்க சொந்த முடியக் குடுத்திருந்தா அன்னிக்குக் கிண்ணத்துலயே கொதிச்சு நின்னிருக்கும். நான் தலையில கை வச்சிருக்கவே மாட்டேன்."

தீர்த்தகிரி கொப்புளத்தைப் பார்த்தார். ஒரு நொடி பார்த்திருப்பார். பிறகு துண்டை உதறி மறுபடி தலையில் இறுக்கினார்.

"என் முடி கையில இல்லாமலே என் தலையக் கொதிக்க வச்சவ நீ. அதுவும் ஒன் கையில சிக்கியிருந்தா என்னா ஆயிருப்பேனோ, யாரு கண்டா?"

"மாமா!"

ஜூஜுவாடி வழியாகப் போகிற அத்திப்பள்ளி பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அவளோடு ஒரே பஸ்ஸில் போவதாவது. ரோட்டோரமாக, லாரிப் புழுதிக்குள், ஜூஜுவாடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பின்னால் அவள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தது கேட்டது. "பேசு, பேசு" என்று முனகிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.