நீளவாட்டு மடிப்பு

ரொட்டிக் கடைக்காரியின் முன்னால் என் வீட்டுக்காரர் உள்ளங்கையை விரித்து நின்றார். கை நிறைய அந்த ஊர்க் காசு. பித்தளை நிறத்தில் சில, வெள்ளையாகச் சில, நடுவில் ஓட்டை போட்டது ஒன்று. அவள் சிரித்துக்கொண்டே குருவி தானியம் பொறுக்குவதுபோல் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சமிருந்ததோடு அவர் விரல்களை மூடிவிட்டாள். இவரும் சிரித்தார். வாய்விட்டு, பல் தெரிய. நான் பொட்டலத்தை வாங்கக்கூட மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். ஓடுகிற வண்டியில், நெரிசலில், எதையும் பிடிக்காமல் நின்றபடி மீதிச் சில்லறையை விரலாலேயே தடவி எடுத்துக் கொடுப்பார். நோட்டுகளை நீளவாட்டில் மடித்து விரலிடுக்கில் விசிறிபோல் செருகியிருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மடிப்பு போகவில்லை. பூ வாங்கப் பத்து ரூபாய் கேட்டாலும் நீளவாட்டில் மடித்துத்தான் நீட்டுவார்.

போன வருடம் ஒரு காலையில் வாய் கோணி விழுந்தார். கை திரும்பியது, கால் திரும்பியது, பேச்சும் திரும்பியது. எண்கள் மட்டும் திரும்பவில்லை. ஐம்பதும் ஐந்நூறும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. காய்கறிக் கடையில் தடுமாறியபோது கடைக்காரர், "அண்ணே, விடுங்க, அண்ணிகிட்ட வாங்கிக்கறேன்" என்றாராம். நல்ல மனசோடு சொன்னதுதான். அன்றைக்குப் பையைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தவர், அதற்கப்புறம் கடைக்கே போகவில்லை. பஸ்ஸில் ஏறவும் இல்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள்தான் பிடிவாதமாக இந்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டி அனுப்பி வைத்தாள். வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த மனுஷன் வந்து இறங்கியதும் ஆளே மாறிப்போனார். எங்கள் கூட்டத்தில் எல்லோருமே காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழித்தார்கள். பேங்கில் மேனேஜராக இருந்தவர் ஒரு தேநீருக்கு மூன்று தேநீரின் காசைக் கொடுத்துவிட்டு அசடு வழிந்தார். "எல்லாரும் ஒரே கிளாஸ்ல பெயிலு" என்று என் காதில் சொல்லிச் சிரித்தார் இவர். அதிலிருந்து தண்ணீர், ரொட்டி, சீப்பு எல்லாவற்றுக்கும் அவரே போனார். தலையில் முடியே இல்லாதவருக்குச் சீப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊரில் யார் யாருக்கோ அந்தக் கையை விரித்தார். எனக்கு மட்டும் விரிக்கவில்லை.

முதல் நாளே மகள் போனில் சொல்லியிருந்தாள். "ஓட்டல் ரூமை விட்டுக் கிளம்பும்போது தலையணை மேல சின்ன நோட்டு ஒண்ணு வெச்சுட்டுப் போங்கம்மா. கிளீன் பண்றவங்களுக்கு."

எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர், அந்த வேலையை மட்டும் நானே செய்வேன் என்று எடுத்துக்கொண்டார். ஒரு நோட்டை உருவி, நீளவாட்டில் மடித்து, தலையணை நடுவில் வைத்து, நேராக இருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்தார். முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நாலு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் நோட்டு அது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். அவர் வாசலில் செருப்பு மாட்டுகிற நேரம் பெரிய நோட்டை எடுத்துக்கொண்டு, என் பர்ஸிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை வைத்தேன். கட்டின புருஷனிடமே பிக்பாக்கெட் அடித்ததுபோல் நாளெல்லாம் நெஞ்சு குறுகுறுத்தது.

மூன்றாம் நாளும் அதையே செய்தேன். லிஃப்ட் வரை போனவர், "கண்ணாடிய விட்டுட்டேன்" என்று திரும்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவர் தலையணைப் பக்கம் நின்றிருந்தார். நோட்டு அவர் கையில் இருந்தது. நாலாக, சின்னதாக, பர்ஸில் திணிக்கிற மாதிரி மடித்த நோட்டு.

"இது என் மடிப்பு இல்லையே."

வாயில் ஒரு பொய் வந்து நின்றது. வெளியே வரவில்லை. "நீங்க வெச்சது பெரிய நோட்டுங்க."

"எவ்ளோ பெருசு?"

சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நேத்து?"

"நேத்தும் மாத்திட்டேன். மொத நாள் வெச்சது போயிடுச்சு."

"அந்தம்மாவுக்கு அன்னிக்கு யோகந்தான்" என்றார். சிரிக்க முயன்று முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க யாருக்குமே காசு தெரியல. கூட்டத்தோட கூட்டமா நானும் இருந்துக்கலாம்னு பாத்தேன். மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சும்மா."

எனக்கு அழுகை முட்டியது. கோபமும்தான். "ரொட்டிக்காரிகிட்ட நீட்டுறீங்க, தண்ணி விக்கிறவன்கிட்ட நீட்டுறீங்க. நான் என்ன, எடுத்துக்கிட்டு ஓடிடுவேனா?"

அவர் அந்தச் சின்ன நோட்டைப் பிரித்தார். தொடையில் வைத்து என் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து நீக்கினார். நீளவாட்டில் மடித்துத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றைக்கு ஊர் பார்க்க டவுன் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் கிடையாது. டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி, ஏறும்போதே காசை அதில் போட வேண்டும். இவர் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் ஊரே நின்றது. சட்டைப் பையிலிருந்து காசை அள்ளி எடுத்தார். டிரைவரும் பழக்கப்பட்டவர்போல் பொறுக்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

இவர் அந்தப் பக்கம் நீட்டவில்லை. திரும்பி, உள்ளங்கையை என் முன்னால் விரித்தார்.

"எடு."

பித்தளை நிறம், வெள்ளை, ஓட்டைக் காசு. கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. ஒன்றை எடுத்தேன், அது இல்லை என்று திரும்ப வைத்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சில்லறையக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு ஏற வேண்டாமாம்மா? பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாரு!" இவருடைய அந்தப் பழைய கண்டக்டர் குரல், கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல், பஸ் முழுக்க ஒலித்தது.

நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பான காசுகளுக்கு அடியில் அவர் கை மூடாமல் அப்படியே விரிந்திருந்தது.