அசிட்டோனில் ஒரு மணி நேரம்

"என் பிரஷ் எங்கே?" என்று கத்தினேன்.

"கல்லுக்குப் பல் தேய்ச்சிட்டிருக்கேன், நீ புதுசு எடுத்துக்கோ" என்று சமையலறைத் தொட்டியருகிலிருந்து பதில் வந்தது. கல்குவாரியிலிருந்து கொண்டுவந்த புகை நிறப் படிகத்தில் ஒட்டியிருந்த களிமண்ணை என் கணவர் கழுவிக்கொண்டிருந்தார். காயவைத்து, எடைபோட்டு, விவரச் சீட்டும் எழுதி முடித்தார். அன்று மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து, கல் சேகரிப்பவர்களின் கண்காட்சிப் போட்டிக்கு அந்தக் கல்லை நானே எடுத்துப்போனேன். தாய்ப்பாறைமேல் விரல் நீளத்துக்கு ஒற்றைப் படிகம், நிமிர்ந்து நிற்கும். நடுவர் என் கணவரின் பழைய சிநேகிதர். கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்குவதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

லென்ஸ் வைத்துப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. படிகத்தின் அடியில் ஒரு மெல்லிய கோடு.

"அண்ணி, இது ஒட்டினது மாதிரி இருக்கே. சீட்டுல பழுது இல்லைன்னு எழுதியிருக்காரு."

எங்கள் கூட்டத்தில் உடைந்த கல்லை ஒட்டுவது குற்றமில்லை. ஒட்டிவிட்டு எழுதாமல் விடுவதுதான் திருட்டு.

பக்கத்து மேசைக்காரர் உச்சுக்கொட்டினார். "போனவரை எதுக்குக் குத்தம் சொல்லிக்கிட்டு? பேசாம போட்டியிலேருந்து எடுத்துருங்கம்மா."

"எடுத்தா குத்தம்னு ஆயிடும். அசிட்டோன்ல போடுங்க" என்றேன். பசையாக இருந்தால் அந்தத் திரவத்தில் கரைந்து படிகம் கழன்றுவிடும்.

பூதக்கண்ணாடி தயங்கினார். "விழுந்துட்டா?"

"விழுந்தா நானே மைக்ல சொல்றேன், எம் புருஷன் பொய் எழுதினார்னு."

வாய்தான் அப்படிச் சொன்னது. ஒட்டிவிட்டு எழுத மறந்திருப்பாரோ? மூடிய ஜாடியையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

கல்லைத் தூக்கும்போது பாறையைத்தான் பிடிக்க வேண்டும், படிகத்தைத் தொடவே கூடாது என்பார்கள். பூதக்கண்ணாடி அன்று கையுறை மாட்டிக்கொண்டு படிகத்தையே பிடித்துத் தூக்கினார். பாறை முழுசாக அதனோடு மேலே வந்தது.

"அடேயப்பா! மண்ணுக்குள்ளேயே உடைஞ்சு, மண்ணுக்குள்ளேயே திரும்ப வளர்ந்து சேர்ந்திருக்கு அண்ணி! முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. என்னை மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? மைக்ல சொல்லுங்க."

சொன்னார். அரங்கமே கைதட்டியது. பக்கத்து மேசைக்காரர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். முதல் பரிசு எங்களுக்கு. நான் அழவில்லை.

பதிவேட்டில் குறிப்பதற்காக, உலர்ந்த கல்லை மறுபடி எடைபோட்டார்கள். நானூற்றுப் பதினாறு கிராம். சீட்டில் அவர் எழுதியிருந்ததும் அதுதான்.