இருபது வருஷம் விடியாத படம்

ஜனவரி கடைசியில் நல்லசிவம் ஓய்வு பெறவேண்டும். இன்னும் ஒன்பதே நாள். முப்பத்தைந்து வருஷ மத்திய அரசு உத்தியோகத்தில் தன் கோப்பு எதிலும் ஒரு பிழை கிடையாது என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதற்கு வேட்டு வைத்தாள் ஜ்யோத்ஸ்னா, பிரிவில் புதிதாகச் சேர்ந்த டில்லித் தமிழ்ப் பெண்.

இணைச் செயலர் அறைக்கு வெளியே ஐரோப்பிய பாணியில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் தொங்கியது. மேகத்தின் மேல் ரோஜா நிற உடையில் ஒருத்தி குடத்தைக் கவிழ்க்கிறாள். கறுப்பு முக்காட்டுக்காரி ஒருத்தி ஓரமாக நழுவுகிறாள். இருபது வருஷத்துக்கு முன் பதிவேட்டில் அதை ‘அந்திப்பொழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் நல்லசிவம். இப்போது வெளிநாட்டு விருந்தினர் வருவதால் படத்துக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டது.

“சார், இது விடியல்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. கல்லூரியில் ஓவிய வரலாறு படித்தவள். “ரோஸ் டிரஸ்தான் விடியல் தேவதை. கறுப்பு முக்காடு ராத்திரி. அது பாக் ரஹி ஹை, ஓடிப்போகுது.”

“ஓடலம்மா, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறா. முகத்துல எவ்வளவு நிம்மதி, பாரு. காலையில ஆபீஸ் வர்றவ மூஞ்சி இப்படியா இருக்கும்?”

“அச்சா, அப்ப குடம்? ரோஸ் டிரஸ் காலைப் பனியக் கொட்டறா சார்.”

“டில்லியில பனி நாள் முழுக்கத்தான் கொட்டுது.”

ஜெயித்த தெம்பில் நல்லசிவம் ஜனக்புரி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. மனைவி செல்வி பழைய தண்ணீரைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டுக் குடத்தைக் கழுவினாள். நல்லசிவத்துக்குப் படத்திலிருந்த குடம் ஞாபகம் வந்தது.

“ஏன் செல்வி, சாயங்காலம் இப்படிக் கொட்டுவியா?”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? காலையில புதுத்தண்ணி வருமுன்னே இருக்கிற தண்ணியை எவளாச்சும் கொட்டுவாளா?”

அவ்வளவுதான். மேகத்தில் நின்றாலும் அவளும் ஒரு வீட்டுக்காரிதானே. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ‘பிழை’ என்று எழுதக் கை வரவில்லை. ஆபீஸில் மூன்று தாளைக் கிழித்தபின் அரசாங்க ஆங்கிலத்தில் அவர் எழுதியதன் சாரம் இது: ‘பதிவின்போது அந்தியாக இருந்த மேற்படி ஓவியம், காலப்போக்கில் விடியலாகியுள்ளது. ஒப்புதல் வேண்டப்படுகிறது.’

மாலையே கோப்பு திரும்பியது. ‘ஒப்புதல்’ என்பதன் கீழ் இணைச் செயலர் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘அந்தி விடிய ஓர் இரவு போதும். இருபது வருஷத் தாமதத்துக்கு விளக்கம் தேவை.’

நல்லசிவம் நாற்காலியில் சரிந்தார். ஜ்யோத்ஸ்னா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடமே தெரியவில்லை. கோப்பைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள்:

‘மூடுபனி காரணமாக.’

ஜனவரி மாத டில்லியில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.