கழுகுக்கு மூன்றாவது பதக்கம்

விமானம் தாங்கிக் கப்பல் முழுக்க அவனுக்குக் கழுகு என்றுதான் பெயர். சும்மா வைத்த பெயரில்லை. போரின் முதல் வருடத்திலேயே நான்கு எதிரி விமானங்களை வீழ்த்தினான். அதற்கு ஒரு பதக்கம். பதினோரு வாரங்களுக்கு முன், இறக்கை பாதி பிய்ந்து, நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியபோதும் விமானத்தைக் கொண்டுவந்து கப்பலின் மேல்தளத்தில் பத்திரமாக இறக்கினான்; அதற்கு ஒன்று. ஐந்தாவது விமானத்தை வீழ்த்தியதற்காக மூன்றாவது பதக்கத்தை நாளைக் காலை கடற்படைத் தளபதியே வந்து சட்டையில் குத்திவிடப் போகிறார்.

அந்த நெற்றிக் காயத்தோடு கழுகின் தூரப்பார்வையும் போய்விட்டது. இது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. விமானத்துக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மானிகளின் முட்கள் பளிச்சென்று தெரிந்தன. தூரத்தில் இருப்பதெல்லாம் வெறும் அழுக்குத் திட்டு. கப்பல் டாக்டரிடம் கண் பரிசோதிக்க ஒரே ஓர் எழுத்து அட்டைதான் உண்டு. அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போய்க் கடகடவென்று ஒப்பிப்பான். டாக்டர் முதுகில் தட்டி அனுப்புவார். இவன் நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் கரையில் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள், அப்புறம் கழுகு என்று எவன் கூப்பிடுவான்? அதை நினைத்தால் குண்டடி பட்டுச் சாவதைவிடப் பயமாக இருந்தது, பாவி மனிதனுக்கு.

இதில் மைத்துனன் வேறு. மனைவியின் ஒரே தம்பி. வானத்தில் இவனுடைய இடப்பக்கம் ஒட்டிப் பறந்து, பின்னாலிருந்து எவனும் சுடாமல் காப்பது அவன் வேலை. "எங்க போனாலும் அவன உங்க கண் பார்வையிலயே வெச்சுக்கோங்க" என்று மனைவி கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த வரி வந்ததும் இவன் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகிவிடுவான்.

அன்று மாலை ரோந்து முடிந்து இருவரும் திரும்பினார்கள். மெல்லிய மூடுபனி. எரிபொருள் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் முன்னால் இறங்குகிறவர்களின் பின்னாலேயே போய் இறங்கிவிடுவான்; இன்று முன்னால் யாரும் இல்லை. கீழே ஒரே அச்சில் வார்த்த மாதிரி தங்கள் படையின் இரண்டு கப்பல்கள். மேல்தளத்தில் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் எது தங்கள் கப்பல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கழுகு கண்ணை இடுக்கிப் பார்த்தான். வெள்ளையாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த கப்பலையே தன் கப்பல் என்று முடிவு கட்டி இறங்கினான். வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி விமானம் நின்றது. ஓடி வந்தவர்களில் ஒருவனைக்கூட அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

கப்பல் மாறி இறங்குகிறவன் விமானத்தில் பெயின்ட் அடித்துக் கேலி செய்து அனுப்புவது இவர்களிடையே வழக்கம். வந்தது கழுகு என்று தெரிந்ததும் சும்மா விடுவார்களா? ஆளுக்கொரு தூரிகையோடு வந்து, விமானத்தின் மூக்கில் இரண்டு வட்டம் போட்டுப் பெரிய மூக்குக்கண்ணாடி வரைந்தார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுகும் சிரித்துவைத்தான். சட்டைக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

அதற்குள் மைத்துனனும் அதே தளத்தில் வந்து இறங்கியிருந்தான். கழுகு அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"நம்பர் உனக்குத் தெரிஞ்சுதா?"

"நல்லா தெரிஞ்சுது அத்தான்."

"அப்ப இறக்கைய ஆட்டிக் காட்டியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரியாமயா இறங்குவீங்க? ஏதோ காரணம் இருக்கும்னு நானும் இறங்கிட்டேன்."

"நான் நேரா கடல்ல போய் விழுந்திருந்தா?"

மைத்துனன் சிரித்தான். "பின்னாலயே வந்திருப்பேன்."

கழுகு அங்கேயே, இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து, பதினோரு வாரமாக மறைத்ததையெல்லாம் கொட்டிவிட்டான். மைத்துனன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான், "நாளைக்கு மெடல வாங்கிக்கோங்க. அக்காவுக்கும் தெரிய வேணாம். இனிமே நான் பாத்து சொல்றேன், நீங்க சுடுங்க. எதுக்கு ஊரக் கூட்டணும்?"

ஒரு நொடி கழுகுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடலுக்குள் தன் பின்னாலேயே வந்து விழும் இன்னொரு விமானம் மனத்தை விட்டுப் போகவில்லை. எழுந்து, அந்தக் கப்பலின் டாக்டரைத் தேடிப் போனான்.

இந்த டாக்டரின் எழுத்து அட்டை வேறு. முதல் எழுத்தைப் படித்தான். அதற்குக் கீழே எதையும் படிக்க முடியவில்லை.

டாக்டர் அவன் சட்டையில் இருந்த இரண்டு பதக்கப் பட்டைகளைப் பார்த்தார். "அசதியா இருக்கும். நாளைக்கு தளபதி கையால மெடல் வாங்கப் போறீங்க. இன்னைக்குப் போய் உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதச் சொல்றீங்களா? ரெண்டு நாள் தூங்குங்க, சரியாயிடும்."

வாசலில் நின்ற மைத்துனன் பெருமூச்சு விட்டான்.

"எழுதுங்க டாக்டர்," என்றான் கழுகு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னான். "எழுதுங்க. பதினோரு வாரமா இப்படித்தான்."

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இந்த மூணாவது மெடல், எந்தச் சண்டைக்கு?"

"ஆறு வாரம் முந்தி. அந்தப் பெரிய மழை அன்னைக்கு. மேகத்துலேருந்து ஒரே ஒரு விமானம் வெளிய வந்துச்சு."

"அன்னைக்கு எங்க கப்பல் விமானி ஒருத்தன் தனியா வழி தவறிப் போயிட்டான்," என்றார் டாக்டர். "திரும்பி வரவே இல்ல."

விமானத்தை வீழ்த்தினேன் என்று ஒருவன் சொன்னால் போதாது. பக்கத்தில் பறந்தவன் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கில் சேரும். போட்டவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கழுகு அவன் பக்கம் திரும்பினான்.

"நீ பாத்தேல்ல? அந்த இறக்கையில யாரோட அடையாளம் இருந்துச்சு?"

மைத்துனன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மழையில சரியாத் தெரியல அத்தான்," என்றான். "நீங்க சுட்டீங்க. அதனால எதிரின்னு எழுதிக் குடுத்தேன்."